மாத்திரைய நிறுத்தியாச்சு, இனிமே என்ன? கவுன்ட்டர்ல கேக்குற கேள்விங்க

மொதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் கெடையாது. டி.ஃபார்ம் முடிச்சிட்டு சென்னை தண்டையார்பேட்டை பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப் கவுன்ட்டர்ல 11 வருஷமா நிக்கிறவ. கருத்தடை மாத்திரை வாங்க வர்றவங்க பேசவே மாட்டாங்க, காலி ஸ்ட்ரிப்ப மடக்கி நீட்டுவாங்க, நான் பேப்பர்ல சுத்தி குடுப்பேன், அவ்ளோதான். நிறுத்துனவங்கதான் கேள்வி கேப்பாங்க, அதுவும் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கடையில ஆம்பளைங்க இல்லாத நேரமா பாத்து, சும்மா ஒரு பாராசிட்டமால் வாங்க வந்த மாதிரி வந்து நிப்பாங்க. நானும் ரெண்டாவது புள்ளைக்கு அப்புறம் 5 வருஷம் போட்டு நிறுத்துனவதான். கேட்டது, பட்டது எல்லாத்தையும் சேத்து எழுதுறேன்.

அக்கா, நிறுத்திட்டேன், எப்போ பீரியட்ஸ் வரும்?

எத நிறுத்துனன்னு சொல்லும்மா மொதல்ல. எல்லாமே "கருத்தடை மாத்திரை"னுதான் சொல்றாங்க, ஆனா ஒவ்வொண்ணும் ஒரு கணக்கு. கவர்மென்ட்ல ஃப்ரீயா குடுக்குற மாலா-என், கடையில விக்கிற மாலா-டி, டாக்டர் எழுதிக்குடுக்குற முக்காவாசி மாத்திரைங்க எல்லாம் ரெண்டு ஹார்மோன் கலந்தது, ஈஸ்ட்ரோஜனும் ப்ரோஜெஸ்ட்டினும். நிறுத்துன சில நாள்லயே மருந்து ஒடம்ப விட்டு போயிடும். நெறைய பேருக்கு 4லேர்ந்து 6 வாரத்துல பீரியட்ஸ் வந்துடும், சிலருக்கு 3 மாசம் வரைக்கும் இழுக்கும், அதுவும் நார்மல்தான்.

சாயான்னு வாரத்துக்கு ஒண்ணு போடுறது இருக்கே, அதுல ஹார்மோனே கெடையாது. லக்னோல நம்ம நாட்டு விஞ்ஞானிங்க கண்டுபுடிச்ச மருந்து அது, சஹேலின்னு கடையில ரொம்ப வருஷமா இருக்கு. அது ஹார்மோன் போய் உக்கார்ற எடத்துல போய் வேலை செய்யுற சாமான்.

அந்தரா ஊசி போட்டவங்களுக்குத்தான் பொறுமை வேணும். மூணு மாசத்துக்கு ஒருவாட்டி போடுறது, நிறுத்துனா உடனே ஒண்ணும் திரும்பாது. கரு தங்குறதுக்கு பொதுவா கடைசி ஊசிலேர்ந்து 7, 10 மாசம் ஆகும். "ஊசி போட்டு கர்ப்பப்பைய காய வெச்சுட்டாங்க"ன்னு அழுதுட்டு வந்த பொண்ணுங்கள பாத்திருக்கேன். காயல, மருந்து இன்னும் முழுசா எறங்கல, அவ்ளோதான்.

கர்ப்பப்பைக்குள்ள வெச்சிருந்த காப்பர்-டிய வெளிய எடுத்தவங்களுக்கு இந்த ஹார்மோன் கதையே பொருந்தாது, அது வெறும் செம்பு. ஹார்மோன் வெச்ச லூப் வேற, அத எடுத்தா கொஞ்ச நாள்ல சுழற்சி திரும்பிடும்.

மாத்திரை போடும்போது கரெக்டா 28 நாளைக்கு வந்துச்சே, இப்போ ஏன் கன்னாபின்னான்னு வருது?

இத புரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும். அந்த 28 நாள் கணக்கு உங்க ஒடம்போடது இல்ல, ஸ்ட்ரிப்போடது. மாலா-என் ஸ்ட்ரிப்ப திருப்பி பாருங்க, 21 ஹார்மோன் மாத்திரை, கடைசி 7 வெறும் இரும்புச்சத்து. ஹார்மோன் நிக்குற அந்த வாரத்துல கர்ப்பப்பை உள்பக்கம் மெத்துனு இருக்குற படலம் கழண்டு விழுது, அதத்தான் பீரியட்ஸ்னு நெனச்சிருந்தோம். முட்டையே வராத மாசத்துல வந்த ரத்தம் அது. நெஜமான சுழற்சியில மூளை சிக்னல் குடுக்கணும், சினைப்பை முட்டைய பழுக்க வெச்சு விடணும், ரெண்டு வாரம் கழிச்சுதான் பீரியட்ஸ். இத்தனை வருஷம் லீவுல இருந்த ஆளு வேலைக்கு திரும்புனா மொத ரெண்டு மாசம் லேட்டாத்தானே வருவான். எனக்கு மொத வாட்டி 37 நாள், அடுத்தது 45, அப்புறம் 33. நாலாவது மாசம்தான் ஒரு ஒழுங்குக்கு வந்துச்சு.

இன்னொண்ணு, மாத்திரை போடுறதுக்கு முன்னாடியே உங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டிதான் வந்துச்சுன்னா, நிறுத்துனதும் அதே பழைய கதைதான் திரும்பும். மாத்திரை அத மறைச்சு வெச்சிருந்துச்சு, குணமாக்கல. "மாத்திரை போட்டதாலதான் பிசிஓடி வந்துடுச்சு"ன்னு, அதாவது சினைப்பையில நீர்க்கட்டி வந்துடுச்சுன்னு சொல்றவங்கள கொஞ்சம் கிளறி கேட்டா, காலேஜ் படிக்கும்போதே பீரியட்ஸ் தள்ளிப் போச்சுன்னுதான் மாத்திரையே ஆரம்பிச்சிருப்பாங்க.

ஸ்ட்ரிப் பாதியில நிறுத்தலாமா?

நிறுத்தலாம், ஒடம்புக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா ரெண்டு மூணு நாள்ல ரத்தம் வரும், நாள் கணக்கு குழம்பும். கடைசி ஒரு வாரத்துல சேந்திருந்தீங்கன்னா கரு தங்கவும் வாய்ப்பு இருக்கு. ஸ்ட்ரிப்ப முடிச்சிட்டு நிறுத்துறதுதான் நிம்மதி. கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பை படலம் மாதிரி வெளிய வளர்றது)னு டாக்டர் வைத்தியத்துக்கு குடுத்த மாத்திரையா இருந்தா நீங்களா நிறுத்தாதீங்க, கேட்டுட்டு செய்யுங்க.

மூணு மாசம் ஆச்சு, இன்னும் வரல

மொத வேலை, கர்ப்பமான்னு பாக்குற கார்டு டெஸ்ட். "சான்சே இல்லக்கா"ன்னு சொல்றவங்களுக்கும் அதான் மொத வேலை. நிறுத்துன அப்புறம் மொத பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடியே முட்டை வந்துடும், அதாவது ஒரு வாட்டி கூட தூரம் ஆகாமலே கர்ப்பம் ஆகலாம். மாத்திரை எஃபெக்டுன்னு நெனச்சு சும்மா இருந்துட்டு நாலாவது மாசம் வயிறு தெரிஞ்சப்புறம் வந்தவங்க இருக்காங்க. கார்டு வாங்க கூச்சமா இருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, அங்க காசில்லாமலே பாப்பாங்க.

கர்ப்பம் இல்லன்னா டாக்டர்ட்ட போங்க. தைராய்டு, ப்ரோலாக்டின்ங்குற பால் சுரக்குற ஹார்மோன், சர்க்கரை, ஹீமோகுளோபின் பாப்பாங்க, தேவைன்னா ஸ்கேன். நம்ம பக்கம் ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரி இருக்கு, அதோட சேந்த ஆர்எஸ்ஆர்எம் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கு. காலையிலயே போனா கூட்டம் கம்மின்னு சொல்ல ஆசைதான், ஆனா காலையிலயும் கூட்டம்தான், டிபன் கட்டிக்கிட்டு போங்க.

வெயிட்ட கொறைக்கிறேன்னு ராத்திரி சாப்பாட்ட விட்டுட்டு ரெண்டு வேளை ஜிம் போறவங்களுக்கும் பீரியட்ஸ் நிக்கும். ஒடம்பு பட்டினி கிடக்கும்போது புள்ளைய சுமக்குற வேலைய மொதல்ல நிறுத்தி வெக்கும். இத யாரும் டெஸ்ட்ல கண்டுபுடிக்க மாட்டாங்க, நீங்கதான் வாய திறந்து சொல்லணும்.

மூஞ்சி பூரா பரு. ஸ்கூல் படிக்கும்போது கூட இப்படி வரல

கலப்பு மாத்திரை போடும்போது ரத்தத்துல ஒரு புரதம் ஏறும், அது நம்ம ஒடம்புல இருக்குற ஆண் ஹார்மோன கட்டிப் போட்டு வெச்சிருக்கும், அதான் மூஞ்சி அப்போ பளபளன்னு இருந்துச்சு. நிறுத்துனா கட்டு அவிழும், எண்ணெய் வழியும், பரு வரும். மூணு நாலு மாசத்துல உச்சத்துக்கு போயிட்டு மெல்ல எறங்கும். கிள்ளாதீங்க. ஃபேர்னஸ் க்ரீம்னு ஸ்டிராய்டு கலந்த ட்யூப கடையில கேட்டு வாங்கி தடவாதீங்க, ரெண்டு வாரம் நல்லா இருக்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு செவந்து போயிடும், அந்த ட்யூப் எங்க கடையிலயும் இருக்கு, நான் வாங்க வேணாம்னு சொல்றதுல எங்க ஓனருக்கு என் மேல கோவம். தாடையில கரடுமுரடா வர்ற பரு, அதோட மோவாயில முடி, பீரியட்ஸும் தள்ளிப் போகுதுன்னா அது பிசிஓஎஸ்ஸா (பிசிஓடின்னு சொல்றாங்களே, அதான்) இருக்கலாம், டாக்டர்ட்ட காட்டணும்.

முடி கொத்து கொத்தா வருது

ஹார்மோன் மாறி ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொட்டும், பிரசவத்துக்கு அப்புறம் கொட்டுற அதே மாதிரிதான். வேர் சாகாது, திரும்ப வளரும். ஆனா இதுல ஒரு விஷயம் யாரும் கவனிக்கிறது இல்ல. மாத்திரை போட்ட வரைக்கும் ரத்தப்போக்கு கம்மியா இருந்துச்சு, மாலா-என் போட்டவங்களுக்கு மாசம் 7 இரும்புச்சத்து மாத்திரையும் கூடவே உள்ள போச்சு. நிறுத்துனதும் இரும்பு மாத்திரையும் நின்னு போச்சு, போக்கும் பழையபடி அதிகமாச்சு. ரெண்டு பக்கமும் நஷ்டம். அதனால முடிக்கு எண்ணெய் தேடுறதுக்கு முன்னாடி ஹீமோகுளோபினும், ஒடம்பு சேத்து வெச்ச இரும்ப காட்டுற ஃபெரிட்டினும் பாருங்க. ஹீமோகுளோபின் 12க்கு கீழ இருந்தா ரத்தசோகை. 12க்கு மேல இருந்தும் ஃபெரிட்டின் அடி மட்டத்துல இருக்கலாம், அதாவது பர்ஸ்ல காசு இருக்கு, பேங்க்ல காலி.

அப்போ என்னதான் சாப்பிடணும்?

இதுக்கு தனியா ஒரு டயட் சார்ட்டு கெடையாது, ஏற்கனவே நம்ம ஏரியாவுல கிடைக்கிறதுதான். காலையில நாலு இட்லி தேங்கா சட்னியோட நிறுத்துனா பதினோரு மணிக்கு பசிச்சு பிஸ்கட்டும் டீயும் போகும். அதுல ஒரு இட்லிய கொறைச்சு ஒரு அவிச்ச முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேத்துக்கோங்க, சர்க்கரை திடீர்னு ஏறி எறங்காம இருக்கும், பிசிஓஎஸ் இருக்குறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா இன்சுலின் ஏறுனா சினைப்பை ஆண் ஹார்மோன அதிகமா சுரக்கும்.

இரும்புச்சத்துக்கு சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல். ஆட்டுக்கறி கடைக்காரர்ட்ட காலையில சொல்லி வெச்சாதான் கிடைக்கும், ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதானே. மொளகு தூக்கலா போட்டு வறுத்தா பசங்களே சண்ட போட்டு சாப்பிடுவாங்க. சைவம்னா முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொண்டக்கடலை, எள்ளு, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ, புளிப்பு சேந்தாதான் கீரையில இருக்குற இரும்பு ஒடம்புல சேரும். சாப்பிட்ட உடனே டீ குடிச்சா சேர்றது பாதிக்கு பாதி போயிடும். ஒரு மணி நேரம் தள்ளி குடிங்க. இத சொன்னா சோறில்லாம கூட இருந்துடுவேன் டீ இல்லாம முடியாதுக்கான்னு சிரிப்பாங்க. நான் டீய நிறுத்த சொல்லலயே, தள்ளித்தானே வெக்க சொல்றேன்.

மீன் நல்லது, காசிமேட்ட பக்கத்துல வெச்சுக்கிட்டு யாரும் மீன் எண்ணெய் கேப்சூல் வாங்காதீங்க. மத்தி, நெத்திலி, காணாங்கெளுத்தி இதெல்லாம் சின்ன மீன், விலையும் கம்மி, ஒமேகா 3யும் ஜாஸ்தி. ஆனா கொழந்தைக்கு ப்ளான் பண்றவங்க சுறாவ கொஞ்ச நாள் விட்டுடுங்க. பெரிய மீன் சின்ன மீன தின்னு தின்னு பாதரசம் சேந்திருக்கும், அது வயித்துல இருக்குற புள்ளையோட மூளைக்கு ஆகாது. தெரியும், சுறாப்புட்டு இல்லாம பிரசவ வீடா? பெத்து பால் குடுக்கும்போது பாத்துக்கலாம், அப்பவும் எப்பவாச்சும்தான்.

கொதிக்க கொதிக்க டீயையும் சாம்பாரையும் பிளாஸ்டிக் கவர்ல கட்டி வாங்குறத விடுங்க. பிளாஸ்டிக்ல இருக்குற சில கெமிக்கல் ஒடம்புல ஹார்மோன் மாதிரி வேஷம் போடும். பெருசா பயப்பட வேணாம், ஒரு தூக்கு எடுத்துட்டு போனா முடிஞ்சுது.

உளுந்தங்களி, கழற்சிக்காய், மலைவேம்பு?

உளுந்தங்களி தாராளமா. உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய், நல்ல சாப்பாடு அது, ஆனா ஹார்மோன சரி பண்ற மருந்துன்னு நெனச்சு மூணு வேளை உருட்டி சாப்பிட்டா வெயிட்டுதான் ஏறும். எள்ளு சாப்பிட்டா பீரியட்ஸ் வந்துடும்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல, கால்சியத்துக்காக சாப்பிடுங்க. வெந்தயம் சர்க்கரைய கொஞ்சம் கட்டுப்படுத்தும், சர்க்கரை மாத்திரை போடுறவங்க பாத்து.

கழற்சிக்காய் பொடியும் மலைவேம்பு சாறும் வேற. ரெண்டுக்கும் மனுஷங்ககிட்ட ஒழுங்கா சோதிச்சு பாத்த வலுவான ஆதாரம் கெடையாது. மலைவேம்புன்னு சொல்லி எந்த மரத்து இலைய பறிச்சு குடுக்குறாங்கன்னே தெரியாது, அந்த குடும்பத்துல விஷமுள்ள மரமும் இருக்கு. அமுக்கராவும் அப்படித்தான், டென்ஷன் கொறையும்னு அஸ்வகந்தா கேப்சூல் வாங்குறாங்க, ஆனா தைராய்டு அளவ மாத்தும், சிலருக்கு கல்லீரல் பாதிச்சிருக்கு, கர்ப்பமா இருந்தா கூடவே கூடாது. சித்த வைத்தியம் பாக்கணும்னா படிச்சு பதிவு பண்ண சித்த மருத்துவர்ட்ட போய் பாருங்க, போன்ல வர்ற வீடியோ பாத்து வேணாம்.

டீடாக்ஸ் பவுடர், ஹார்மோன் பேலன்ஸ் பவுடர்னு விக்கிறாங்களே?

இதுல நானே ஏமாந்திருக்கேன், மருந்து விக்கிறவ. நிறுத்துன ரெண்டாவது மாசம், பரு, முடி, எரிச்சல் எல்லாம் ஒண்ணா வந்த நேரம், போன்ல பாத்து ஒரு டப்பா 1,800 ரூபா குடுத்து வாங்குனேன். ரோஸ் கலர் டப்பா, மேல பூ படம். தெறந்து மோந்து பாத்தா சோம்பு வாசனை. பின்னாடி பொடி எழுத்துல படிச்சா சோம்பு, ஆளி விதை, சதாவரி, சர்க்கரை. எங்க தெருமுனை மளிகையில சர்க்கரையோட சேத்து 200 ரூபாய்க்குள்ள முடிஞ்சிருக்கும். எங்க வீட்டுக்காரர் இன்னைக்கும் சோம்பு வாங்கும்போது "1,800 ரூபா சோம்பாம்மா?"ன்னு கேப்பாரு.

மாத்திரையோட ஹார்மோன் சில நாள்லயே தானா வெளிய போயிடுது, கல்லீரலும் கிட்னியும் அத சும்மாவே பண்ணிடும். மூணு மாசம் கழிச்சு டீடாக்ஸ் பண்ண உள்ள ஒண்ணும் மிச்சமில்ல. மாசத்துல பாதி நாள் ஆளி விதை பாதி நாள் எள்ளுன்னு மாத்தி மாத்தி சாப்பிடுறதும் அதே கதைதான், விதை நல்லதுதான், நாள் கணக்குக்கு ஆதாரம் இல்ல. அந்த பவுடர சாப்பிட்டு நாலு மாசத்துல சரியாயிடுச்சுன்னு சொல்றவங்களுக்கு, சாப்பிடாம இருந்திருந்தாலும் நாலு மாசத்துல சரியாயிருக்கும்.

நடந்தா சரியாகுமா? தூக்கம்?

நடங்க. வாரத்துல அஞ்சு நாள், அரை மணி நேரம், மூச்சு வாங்குற மாதிரி. பெரம்பூர்காரங்களுக்கு முரசொலி மாறன் பூங்கா இருக்கு, எங்க பக்கம் மொட்டை மாடிதான். பிசிஓஎஸ்ஸோட வெயிட்டும் இருக்குறவங்க 5 சதவீதம் கொறைச்சாலே, அதாவது 70 கிலோன்னா மூணரை கிலோ, பீரியட்ஸ் ஒழுங்காக வாய்ப்பு இருக்கு.

தூக்கம் பத்தி சொல்ல எனக்கே தகுதி இல்ல, கடைய சாத்திட்டு வந்து பாத்திரம் கழுவி படுக்க பன்னெண்டு ஆகுது. ஆனா முட்டை வர சிக்னல் குடுக்குற அதே மூளைதான் தூக்கத்தையும் பாக்குது. நைட் ஷிஃப்ட் மாத்தி மாத்தி பாக்குற பொண்ணுங்களுக்கு பீரியட்ஸ் குழம்புறத கண்ணால பாக்குறேன். ஷிஃப்ட்ட மாத்த முடியாது, போன தூர வெக்கலாம்.

மாத்திரைல ஏறுன வெயிட் எறங்குமா?

கலப்பு மாத்திரையால பெருசா வெயிட் ஏறுதுன்னு ஆராய்ச்சியில நிரூபிக்கல. கொஞ்சம் நீர் கோத்திருந்தா அது எறங்கும். அந்தரா ஊசியில சிலருக்கு நெஜமாவே ஏறும்.

எரிச்சலா வருது, அழுகையா வருது

சிலருக்கு நிறுத்துனதும் மனசு லேசாகும், சிலருக்கு மாத்திரை அமுக்கி வெச்சிருந்த பீரியட்ஸுக்கு முந்தின எரிச்சல் திரும்ப வரும். ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் நாட்டமில்லாம இருந்தா ஹார்மோன்னு தள்ளி விடாதீங்க, 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், கவர்மென்ட் இலவச லைன், தமிழ்லயே பேசலாம்.

கொழந்தைக்காகத்தான் நிறுத்தினேன். இத்தனை வருஷம் போட்டதால தங்காம போயிடுமா?

போகாது. மாமியாருங்க கேட்டுடுவாங்களோன்னு பயந்துக்கிட்டு மருமகளுங்க வந்து கேக்குறது இதத்தான். எத்தனை வருஷம் போட்டாலும் மாத்திரை மலடாக்காது, நிறுத்துன ஒரு வருஷத்துல தங்குறது மத்தவங்களுக்கு எப்படியோ அப்படித்தான். வயசு மட்டும்தான் நடுவுல ஏறியிருக்கும், 25ல ஆரம்பிச்சு 34ல நிறுத்துனா அந்த ஒன்பது வருஷம் வயசோட கணக்கு. 35க்கு கீழன்னா ஒரு வருஷம் முயற்சி பண்ணிட்டு போங்க, 35 தாண்டிட்டா 6 மாசத்துலயே போங்க, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு போங்க, அவருக்கும் டெஸ்ட் உண்டு.

ஃபோலிக் ஆசிட்ட இன்னைக்கே ஆரம்பிங்க, 400 மைக்ரோகிராம் தினம் ஒண்ணு, கரு தங்குறதுக்கு ஒரு மாசம் முன்னாடிலேர்ந்தே வேணும். புள்ளையோட தண்டுவடம் மூடுறது மொத நாலு வாரத்துல, நாள் தள்ளிப் போச்சுன்னு நாம கார்டு வாங்க வரும்போது அந்த வேலை பாதி முடிஞ்சிருக்கும். சுகர், வலிப்பு மாத்திரை இருக்குறவங்களுக்கு டோஸ் வேற, டாக்டர்ட்ட கேளுங்க.

சினைப்பையில முட்டை இருப்ப காட்டுற ஏஎம்ஹெச் டெஸ்ட் எடுத்து கம்மின்னு வந்துச்சுன்னு அழாதீங்க. மாத்திரை போடும்போது எடுத்தா கம்மியாத்தான் காட்டும், நிறுத்தி சில மாசம் கழிச்சு எடுங்க.

கொழந்தையும் வேணாம், மாத்திரையும் வேணாம்

அப்போ நிறுத்துன அன்னைக்கே காண்டம். காப்பர்-டி 380A வெச்சா 10 வருஷம் வரும், கவர்மென்ட்ல காசில்ல, ஹார்மோன் இல்ல, போக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகலாம். நாள் எண்ணி தப்பிக்கிறது இப்போதைக்கு வேணாம், உங்க சுழற்சி எத்தனை நாள்னே இன்னும் தெரியாதே.

ஆடி மாசம் கூழ் ஊத்துறதுக்காக பீரியட்ஸ தள்ளிப்போட மாத்திரை போட்டேன், அதுவும் இதுதானா?

அது வேற. நார்எதிஸ்டிரோன், ஒரே ஹார்மோன், சில நாளைக்கு மட்டும் போடுறது. நிறுத்தி ரெண்டு மூணு நாள்ல வந்துடும். அது கருத்தடையும் ஆகாது, இத தெரியாம நம்புனவங்க உண்டு. ஆடிக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு, சபரிமலைக்கு வீட்டுக்காரர் மாலை போட்டா ஒண்ணுன்னு சீட்டு இல்லாம வருஷத்துக்கு நாலு வாட்டி கேட்டா நான் குடுக்க மாட்டேன், திட்டுங்க பரவால்ல.

எதுக்கு உடனே ஓடணும்?

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைஞ்சு, அது ரெண்டு மூணு மணி நேரமா நிக்கலன்னா. ஒரு கால் மட்டும் ஆடுசதையில வீங்கி வலிச்சா, திடீர்னு நெஞ்சு வலி, மூச்சு திணறல் வந்தா, ரத்தக்கட்டி ஆபத்து நிறுத்துன அப்புறமும் சில வாரம் இருக்கும். நாள் தள்ளிப்போயி அடிவயித்துல ஒரு பக்கம் மட்டும் பயங்கர வலின்னா, கரு குழாயில தங்கியிருக்கலாம், ராத்திரின்னு பாக்காதீங்க.

எல்லாத்தையும் எப்படிக்கா ஞாபகம் வெச்சுக்குறது?

ஆப் இருக்கு, ஆனா எங்க வீட்ல போன் பசங்க கையில. நான் செவுத்துல தொங்குற மாச காலண்டர்ல பீரியட்ஸ் நாளுக்கு செவப்பு பேனால புள்ளி வெச்சேன். வெள்ளைப்படுறது முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுத்தா நூலா வந்த நாளுக்கு ஒரு கோடு, அது முட்டை வர்ற நேரம், அதுலேர்ந்து சுமார் ரெண்டு வாரத்துல பீரியட்ஸ். நாலு மாச காலண்டர் தாள கொண்டு போனா டாக்டருக்கு கேள்வியே பாதி மிச்சம். இதுல ஒரே ஒரு சிக்கல் ஆச்சு. எங்க மாமியார் அந்த புள்ளிய பால் வராத நாள்னு நெனச்சுக்கிட்டு மாசக் கடைசில பால் போடுற பையன்ட்ட அஞ்சு நாள் காச புடிச்சுட்டாங்க. அவன் தெனமும் போட்டேன்னு சத்தியம் பண்றான், இவங்க காலண்டர காட்டுறாங்க, நான் அடுப்படியில நிக்கிறேன். மறுநாள் அவன கடைக்கு வரச் சொல்லி காச குடுத்துட்டு, பச்சை பேனாவுக்கு மாறிட்டேன்.